இருங்காட்டுக்கோட்டைத் தடம் யாருக்கு?

இருசக்கர வாகன லைசென்ஸ் வாங்கப் போகிறவருக்கு நம் ஊரில் வைக்கும் தேர்வை எல்லோரும் அறிவோம். மைதானத்தில் எட்டு போட வேண்டும், கால் தரையில் படக் கூடாது, கை காட்டத் தெரிய வேண்டும். நடையைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் முடிந்துவிடும் இந்தத் தேர்வு, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே ஒரு வேன் திரும்பினால் இந்த மனிதர் என்ன செய்வார் என்று கேட்பதே இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். ஹெல்மெட் போடாதது, குடி, மிகுவேகம், சாலைக் குழி என்று காரணங்களை அடுக்குகிறோம். அத்தனையும் உண்மைதான். ஆனால் ஓட்டத் தெரியாமை என்ற காரணத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தினமும் ஓட்டுகிற ஒருவருக்கு ஓட்டத் தெரியாது என்று சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும்.

ஓட்டத் தெரியவில்லை என்பதற்கு ஆதாரம் பழையது, வலுவானது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில் ஒரு குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. கூடவே 3,600 போலீஸ் அறிக்கைகளையும் புரட்டியது. 1981-இல் வெளிவந்த அந்த அறிக்கையின்படி, விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதத்தினர் தாமாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். விபத்துக்கு முந்தைய வேகத்தின் நடுமதிப்பு மணிக்கு 48 கிலோமீட்டர்தான். ஆபத்தைக் கண்டதிலிருந்து மோதும் வரை பெரும்பாலோருக்குக் கிடைத்தது 2 விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவர்கள் செய்ததோ பின் பிரேக்கை அழுத்திச் சக்கரத்தைச் சறுக்கவிட்டது. முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. தேசமும் காலமும் வேறு என்றாலும் நம் தெருவில் வண்டி பழகுகிற எந்தப் பிள்ளைக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரையை நினைத்துப் பாருங்கள்: 'முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கிப் போட்டுவிடும்.' பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. ஆகவே நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில், உலர்ந்த சாலையில், இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கிற வண்டி, பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம் ஓடும். அன்போடு சொல்லப்படும் அந்த அறிவுரை உயிரைப் பறிக்கக்கூடியது.

இந்த இடத்தில்தான் பந்தயத் தடத்தில் நடக்கும் ஓட்டுநர் பள்ளிகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம் இருக்கிறது. 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். கீத் கோட் 1980-இல் அமெரிக்காவில் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் பலமுறை இங்கே வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த பந்தய வீரர் ரஜினி கிருஷ்ணனின் அகாடமி போன்ற உள்ளூர்ப் பள்ளிகளும் உண்டு. சூப்பர்பைக் என்ற பெயரைக் கேட்டவுடன் வேகம் கற்றுத்தரும் இடம் என்றே தோன்றும். உள்ளே நடப்பது வேறு. கோடின் பள்ளியில் முதல் பயிற்சியே பிரேக் பிடிக்காமல், கியரை அதிகம் மாற்றாமல் தடத்தைச் சுற்றி வருவது. பிரேக் இல்லை என்றால் வளைவுக்கு எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது. பதற்றத்தில் ஆக்சிலரேட்டரைச் சட்டென விடுகிற பழக்கம் போய், வளைவு முழுவதும் அதைச் சீராகத் திறந்துகொண்டே போகக் கை பழகுகிறது. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் வகுப்பறை, பிறகு சிறிது நேரம் தடம், இறங்கியதும் பயிற்றுநரோடு பேச்சு. ஒரு நாளில் ஒருவர் ஐந்தே ஐந்து விஷயங்களைத்தான் கற்கிறார்.

அந்தப் பள்ளியில் ஒரு விசித்திரமான பயிற்சி வண்டி உண்டு. வழக்கமான ஹேண்டில்பாருக்கு மேல், திரும்பாத இன்னொரு ஹேண்டில்பாரைச் சட்டத்தோடு இறுக்கி வைத்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எவ்வளவு சாய்த்தாலும் வண்டி மெல்ல விலகுமே தவிர, நினைத்த இடத்தில் திரும்பாது. ஓடும் வண்டி இடப்பக்கம் சாய வேண்டுமானால் இடப்பக்கக் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். எல்லோரும் தினமும் அறியாமலே இதைச் செய்கிறோம். அறியாமல் செய்வதுதான் சிக்கல், ஏனென்றால் பயம் வந்ததும் கை இறுகி, எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். கண்ணும் அப்படித்தான். எதில் மோதிவிடுவோமோ என்று பயந்து அதையே பார்க்கிறோம், வண்டி அதை நோக்கியே போகிறது. ஏற்காட்டிலும் வால்பாறையிலும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் எதிரே பஸ்ஸைக் கண்டு உறைகிறவர்களுக்குக் குறைவது துணிச்சல் அல்ல. பார்வையை வளைவின் முடிவுக்குக் கொண்டுபோகும் பழக்கம்தான் அவர்களுக்கு இல்லை. இதை எதிர்வண்டி, மணல், மாடு, குழந்தைகள் எதுவும் இல்லாத மூடிய தடத்தில், ஒரே வளைவில் திரும்பத் திரும்பத் தவறு செய்துதான் பழக முடியும். பொதுச் சாலையில் பழகு என்பது, வெள்ளம் புரளும் ஆற்றில் நீச்சல் கற்றுக்கொள் என்பதற்கு நிகர்.

இதற்கு எதிரான வாதங்களில் ஒன்று உண்மையிலேயே கனமானது. திறமை கூடினால் துணிச்சலும் கூடும், துணிச்சல் விபத்தைக் கூட்டும் என்பது அது. வெறும் ஊகம் இல்லை இது. நார்வே நாட்டில் இளம் கார் ஓட்டிகளுக்கு வழுக்குத் தளத்தில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, இளம் ஆண்களிடையே விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. மோட்டார் சைக்கிள் பயிற்சி பற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2010-இல், பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று சொல்லப் போதிய தரமான ஆதாரம் இல்லை என்றது. பயிற்சியை ஆதரிப்பவர்கள் இவற்றை மறைக்கக் கூடாது. ஆனால் ஸ்வீடனில் 1990களில் கிரெகர்சன் என்ற ஆய்வாளர் செய்த சோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு குழுவுக்குச் சறுக்கலைச் சமாளிக்கும் திறமையைக் கற்பித்தார்கள். இன்னொரு குழுவுக்குத் தம்மால் எது முடியாது என்பதைக் காட்டினார்கள். உண்மைத் திறமையில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. முதல் குழுவினர் மட்டும் தங்களைக் கெட்டிக்காரர்கள் என்று கூடுதலாக நம்பினார்கள். எனவே எதைக் கற்பிக்கிறோம் என்பதே முக்கியம். நல்ல தடப்பள்ளி முதலில் கற்பிப்பது எல்லையைத்தான்: இந்த வேகத்தில் உனக்கு நிற்க இவ்வளவு தூரம் வேண்டும், இந்த வளைவில் உன் கண் பின்தங்குகிறது என்று. ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று கணக்கெடுத்துப் பட்டியல் போடும் பள்ளி, சாலைப் பாதுகாப்பின் பெயரைச் சொல்லிக்கொள்ளத் தகுதியற்றது.

தடத்திலும் உயிர் போகிறதே என்பார்கள். 2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தது ஆறாத துயரம். அது பந்தயத்தில் நடந்தது. முந்த வேண்டிய கட்டாயமே இல்லாத பயிற்சி வகுப்பை அதோடு ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது. தடம் வேறு சாலை வேறு என்ற வாதத்தை ஏற்கிறேன். தப்பான பக்கம் வரும் ஷேர் ஆட்டோவை எந்தத் தடமும் காட்டித்தராது, சாலையறிவைச் சாலையில்தான் பெற வேண்டும். ஆனால் பிரேக் பிடிக்கும் கையும் தூரத்தைப் பார்க்கும் கண்ணும் இரண்டுக்கும் பொதுவானவை.

எனக்கு இந்தப் பள்ளிகள் மீதுள்ள மனக்குறை ஒன்றே. கட்டணமும் தோல் உடையும் சேர்ந்து, லட்சக்கணக்கில் செலவழித்து வண்டி வாங்கியவர்களுக்கு மட்டுமே அவை எட்டுகின்றன. 100 சிசி வண்டியில் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிப் போகிற கூலித் தொழிலாளிக்கும், நேரத்தோடு ஓடும் உணவு டெலிவரி இளைஞனுக்கும்தான் இந்த அறிவு முதலில் தேவை. பிற நாடுகள் இதை ஆடம்பரமாக வைத்திருக்கவில்லை. ஜப்பானில் சாதாரண மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்கு, 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து உலர்ந்த தரையில் 11 மீட்டருக்குள் நிறுத்திக் காட்ட வேண்டும். பிரிட்டன் 2009 முதல் மூடிய மைதானத்தில், 50 கிலோமீட்டர் வேகத்தில் அவசர பிரேக்கும், தடையிலிருந்து விலகிச் செல்வதும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டிலோ கார் பழக, அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கு 4 வாரத்தில் 29 மணி நேரம் என்று 2021-இல் விதி வந்துவிட்டது. அதிகம் பேர் இறக்கும் இருசக்கர வாகனத்துக்கு எட்டு போட்டால் போதும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.

இதற்குப் பந்தயத் தடம்கூடத் தேவையில்லை, 200 மீட்டர் நல்ல தார்த்தரை போதும். அவசர பிரேக், விலகிச் செல்வது என்ற இரண்டு சோதனைகளை லைசென்ஸ் தேர்வில் சேர்க்கப் போக்குவரத்துத் துறை முன்வர வேண்டும், அதற்கு மாவட்டத்துக்கு ஒரு பயிற்சித் தரை அமைக்க வேண்டும். செலவில் பங்கேற்க வேண்டியவர்கள் தொலைவில் இல்லை. ராயல் என்ஃபீல்டும் யமஹாவும் இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளில் வண்டி செய்கின்றன. டிவிஎஸ் ஓசூரில் இருக்கிறது. தடத்தின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பந்தயம் இல்லாத நாட்களில், மாதத்தில் ஒரு நாளையாவது, குறைந்த கட்டணத்தில் ஸ்கூட்டருக்கும் மொபெட்டுக்கும் திறந்துவிடுங்கள்.