மறக்கத் தெரிந்த புஸ்தகசாலை

மறதி பெரும் குறை என்று பிள்ளைகளுக்கு அன்றாடம் போதித்து வருகிறோம். ஆனால் மறதியே சிறந்த குணமாக விளங்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் புஸ்தகசாலை. இது என்ன விபரீத வாதம் என்று நேயர்கள் எண்ணக்கூடும். சற்றே பொறுமையுடன் கேட்கும்படி வேண்டுகிறோம்.

நம் நாட்டு நூல்நிலையங்கள் பலவற்றில் நெடுங்காலம் வழங்கிவந்த இரவல் முறையைப் பலரும் அறிவார்கள். அங்கத்தினருக்குச் சிறு பை போன்ற அட்டைச் சீட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு புஸ்தகத்துக்குள்ளும் அதன் பெயர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கும். புஸ்தகத்தை எடுத்துச் செல்லும்போது புஸ்தகத்தின் சீட்டு அங்கத்தினரின் பைக்குள் புகும். இரண்டும் சேர்ந்து, திருப்ப வேண்டிய தேதியின் வரிசையில் ஒரு பெட்டியில் அமரும். புஸ்தகம் திரும்பி வந்ததும் அவரவர் சீட்டு அவரவரிடம் போய்ச் சேரும். அவ்வளவுதான். அதன் பின்னர், இன்னார் இன்ன புஸ்தகத்தை வாசித்தார் என்பதற்கு அந்தப் பெட்டியில் ஓர் அடையாளமும் மிஞ்சாது. நைனா பிரவுன் என்ற அமெரிக்க மாது வகுத்த முறை இது. வேலைச் சுருக்கத்துக்காகப் பலரும் கைக்கொண்ட இம்முறை, வாசகரின் அந்தரங்கத்துக்கும் ஒரு காவலாக அமைந்துவிட்டது.

இப்பொழுது பெட்டி இருந்த மேஜைமீது கணிப்பொறி வந்து அமர்ந்து வருகிறது. அதை நாம் வெறுக்கவில்லை. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-ல் சென்னை சர்வகலாசாலையின் நூலகரான ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பதும் ஒன்று. அந்த விதியை நிறைவேற்றக் கணிப்பொறியைவிடச் சிறந்த துணை ஏது? ஆனால் அதனிடம் ஒரு சுபாவம் உண்டு. சொல்லாவிட்டால் அது எதையும் மறக்காது. யார், எந்தத் தேதியில், எந்தப் புஸ்தகத்தை, எத்தனை நாள் வைத்திருந்தார் என்பதெல்லாம் பத்து வருஷம் கழித்தும் நொடியில் வெளிவரும்.

வந்தால் என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் நம் பக்கத்து ஊர்களை நினைத்துப் பார்க்கட்டும். ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலைகளில் எத்தனையோ பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தி 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தைப் பற்றிய புஸ்தகத்தை எடுக்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மற்றொருத்தி, தாயிடமும் சொல்லக் கூசும் ஒரு வியாதியைப் பற்றி அறிய வருகிறாள். ஒரு வாலிபன் வேறு மதத்தின் வேதத்தைப் புரட்டிப் பார்க்க ஆசைப்படுகிறான். நம்மைப் போன்ற ஊர்களில், ஒரு தெருவில் தும்மினால் மறு தெருவில் 'தீர்க்காயுசு' என்பார்கள். தங்கள் பெயரும் புஸ்தகத்தின் பெயரும் ஜோடியாக என்றென்றும் நிற்கும் என்று தெரிந்தால், இவர்கள் அலமாரியை நோக்கிக் கை நீட்டுவார்களா? எவரும் தடை செய்யாமலே அந்தப் புஸ்தகங்கள் தடையுண்டு போகும்.

தேச சரித்திரமும் இதற்குச் சாட்சி. 1928-ல் பாரதியாரின் தேசீயப் பாடல் நூல்களைச் சென்னை சர்க்கார் பறிமுதல் செய்தார்கள். சட்டசபையில் ஸ்ரீ சத்தியமூர்த்தி அதை எதிர்த்து வாதாடினார். அக்காலத்தில் ஒவ்வொரு வாசகசாலையிலும் மறவாத கணிப்பொறி ஒன்று இருந்திருந்தால், பறிமுதல் செய்தவர்களுக்குப் புஸ்தகங்களோடு வாசகர் ஜாபிதாவும் அல்லவா கிடைத்திருக்கும்!

அந்நிய ஆட்சியோடு போன கதை என்று இதைத் தள்ளவும் முடியாது. 2005-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் ராஜ்யத்தில், நூல்நிலையக் கணிப்பொறி ஒன்றை உபயோகித்தவரைப் பற்றிய விவரங்களை மத்தியப் புலனாய்வு இலாகாவினர் கேட்டார்கள். கேட்டதை வெளியே சொல்லலாகாது என்றும் உத்தரவிட்டார்கள். நூலகத்தார் நால்வர் நியாயஸ்தலத்தை அணுகினார்கள். 2006-ல் வாய்ப்பூட்டும் அகன்றது, கோரிக்கையும் கைவிடப்பட்டது.

நம் நாட்டிலும் 2017-ஆம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் பிரஜைகளின் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தனிநபர் விவரங்களைக் காக்கும் சட்டமும் நிறைவேறியது. காரியம் முடிந்ததும் விவரத்தை அழித்துவிட வேண்டும் என்பது அதன் நல்ல விதிகளுள் ஒன்று. ஆனால் சர்க்காருக்கும் சர்க்காரின் அங்கங்களுக்கும் அந்த விதியிலிருந்து அச்சட்டமே விலக்களித்திருக்கிறது. ஆகையால் பொது நூல்நிலையங்களில் இந்த மறதி, சட்டத்தின் கட்டாயத்தால் வரும் என்று நாம் காத்திருப்பதில் பயனில்லை. நூலகரின் தர்மமாகவும் வாசகரின் கோரிக்கையாகவுமே அது வரவேண்டும்.

கருவியிலும் குறை இல்லை. 2000-ல் நியூஸீலாந்தில் நடைமுறைக்கு வந்த 'கோஹா' என்னும் இலவச மென்பொருளை நம் நாட்டு நூலகங்கள் பலவும் உபயோகிக்கின்றன. மாவோரி பாஷையில் கோஹா என்றால் கொடை என்று பொருள். திரும்பி வந்த புஸ்தகத்தோடு வாசகரின் பெயரைப் பிணைத்து வைக்காமல் நீக்கிவிடவும் அதில் வழி உண்டு. வழி இருந்தால் போதுமா? அதைத் திறந்து விடுபவர் வேண்டுமே!

இரவல் கணக்கு மாத்திரமல்ல. வாசகர் வட்டம் நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கென்று வாட்ஸப் குழு ஒன்று தொடங்கிவிட்டால், அதில் சேரும் கல்லூரிப் பெண்ணின் தொலைபேசி எண், முன்பின் அறியாத அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். உத்தியோகப் பரீட்சைக்கு நூலகக் கணிப்பொறியில் விண்ணப்பம் அனுப்பும் இளைஞர்கள், தங்கள் ஆதார் அட்டையின் பிரதியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். ஒவ்வொருவரும் எழுந்தவுடன் கணிப்பொறி தானே தன்னைத் துடைத்துக்கொள்ளும்படி அமைப்பது கடினமான வித்தையல்ல.

சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது 1948-ல் நம் சென்னை மாகாணம். அதற்காக உழைத்தவர்களுள் முதல்வர் ஸ்ரீ ரங்கநாதன். அச்சட்டத்தின்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். ஆகவே கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அடுத்த முறை நூலகம் செல்லும்போது நூலகரிடம் மரியாதையாக மூன்று கேள்விகள் கேளுங்கள். திருப்பிய புஸ்தகத்தின் கணக்கு எத்தனை நாள் நிற்கும்? அதை யார் யார் பார்க்கலாம்? நம் எண்ணைப் பிறர் அறியாமல் வாசகர் வட்டத்தில் சேர முடியுமா?

1954-ல் காமராஜரைச் சட்டசபைக்கு அனுப்பிய பெருமை குடியாத்தத்துக்கு உண்டு. யாருக்கு வோட்டுப் போட்டோம் என்பதை எவரும் கேட்கக்கூடாது என்று அறிந்த ஜனங்கள் நாம். வோட்டுக்கு முன்னால் வருவது யோசனை. யோசனைக்கு முன்னால் வருவது வாசிப்பு. வோட்டுக்கு இரகசியம் வேண்டுமென்றால் வாசிப்புக்கும் வேண்டும். புஸ்தகசாலை புஸ்தகங்களை நினைவில் வைக்கட்டும், வாசகர்களை மறக்கட்டும்.