பழைய வண்டியும் பாடபேதமும்

ஜெர்மானிய மோட்டார் சைக்கிள் என்றதும் பலருக்கு பி.எம்.டபிள்யூ. நினைவுக்கு வரும். ஆனால் ஜெர்மானிய வடிவமைப்பைத் தழுவிய வண்டிகள் நம் இராணிப்பேட்டையிலேயே தயாராயின. 1917இல் நூரன்பெர்க்கில் தொடங்கப்பெற்ற சுண்டாப் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் என்ஃபீல்டு இந்தியா 1980களில் அவற்றைச் செய்தது. சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர் இரண்டும் 50 சிசி. பின்னர் வந்த ஃபியூரி, சுண்டாப் கே.எஸ். 175ஐ அடியொற்றியது. ஐந்து கியர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் என அக்காலத்துக்கு அரிய வசதிகள் அதில் இருந்தன. 1984இல் சுண்டாப் திவாலாயிற்று. மூல ஏடு மறைந்தது; படிகள் சில நம்மிடம் எஞ்சின.

அத்தகைய ஃபியூரி ஒன்று இராசிபுரத்துக்கருகே ஒரு மாட்டுக்கொட்டகையில் நமக்குக் கிடைத்தது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறை ஒன்றில் அதை இறக்கினோம். புஷ், அச்சு, போல்ட் எல்லாம் கடைந்தாகிவிட்டது. சிக்கல் சிலிண்டரில்தான். பொதுவாகச் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் இருக்கும். தேய்ந்தால் போரிங் செய்து பெரிய பிஸ்டன் போடலாம். ஃபியூரியில் ஸ்லீவ் கிடையாது. உட்சுவரிலேயே கடினக் குரோமியப் பூச்சு. அது உரிந்தபின் போரிங் செய்து பயனில்லை. "ஸ்லீவ் அடிச்சா ஓடுமுங்க சார். ஆனா அப்புறம் அது பழைய சிலிண்டர் இல்லீங்க" என்றார் பட்டறைக்காரர்.

பழைய வண்டி ஆர்வலரிடையே இரு கட்சிகள் உண்டு. மூலம் கெடுமெனில் ஓட்டவே வேண்டா, காட்சிப்பொருளாக வைப்போம் என்பது ஒன்று. எதை மாற்றியேனும் புதிதுபோல் பளபளக்கச் செய்வது மற்றொன்று. இரண்டும் நமக்கு உடன்பாடன்று. நல்ல பதிப்பாசிரியர் சிதைந்த ஏட்டைப் பூட்டியும் வைப்பதில்லை. தம் ஊகத்தைப் புலவர் வாக்கென நுழைப்பதுமில்லை. சேர்த்ததைப் பகர அடைப்புக்குள் இடுவார். பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவார். வண்டிக்கும் அதுவே நெறியாக வேண்டும்.

2021இல் வந்த மத்திய அரசின் விதிகள் இந்நெறிக்கு இடந்தரவில்லை. 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, சேசிஸ், என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் காணாத வண்டியே அவற்றின்படி 'விண்டேஜ்'. கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டலாகாது. உழைத்துத் தேய்ந்த வண்டி 50 ஆண்டு என்ஜினைத் தொடாமல் எப்படி வாழும்? பூட்டி வைத்தவரைப் போற்றி, ஓட்டிக் காத்தவரை ஒதுக்கும் வரையறை இது. மாற்றமே கூடாது என்பதை விடுத்து, மாற்றியவற்றின் பட்டியலைக் கேட்பதே நேர்மையான சோதனை என்போம்.

ஸ்லீவ் அடித்தோம். பிஸ்டன் விரியும் அளவுக்கு இரும்பு விரியாது. ஆதலின் இடைவெளியைச் சற்றுக் கூட்ட வேண்டியிருந்தது. அவ்வளவையும், கடைந்த நாளையும், மாற்றிய ஒவ்வோர் உறுப்பையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி இருக்கையின் அடியில் வைத்திருக்கிறோம். உரிந்த பழைய பிஸ்டனும் பெட்டியில் பத்திரமாக உள்ளது.

சென்ற ஞாயிறு காரவள்ளி வரை போய்வந்தோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்ற இன்னும் துணிவில்லை; புது ஸ்லீவ் பழக வேண்டும். ஏறும் நாளில் அதையும் ஏட்டில் எழுதுவோம். நமக்குப் பின் இவ்வண்டியை ஓட்டப்போகிறவர், எது இராணிப்பேட்டையில் வார்த்தது, எது திருச்செங்கோட்டில் கடைந்தது என்று அறிந்தே ஓட்டட்டும்.