மலையேறும் மோட்டார்: வேகத்துக்கு வேலி வேண்டும்

ஞாயிறு விடியும்போதே நந்தி மலைச் சாலையில் மோட்டார்களின் உறுமல் கேட்கத் தொடங்கிவிடுகிறது. வாரம் முழுவதும் ஜே.சி. ரோட்டிலும் பீனியாவிலும் பிறர் வண்டியைப் பிரித்துப் பூட்டும் பிள்ளைகள் சிலரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். வளைவில் யார் முந்துவது என்பதே அங்கே போட்டி. எதிரே பால் வண்டியும் வரும், குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பமும் வரும். இதை வீரம் என்று சொல்ல முடியுமா?

முடியாது. ஆனால் பையன்களைத் திட்டிவிட்டுப் போவதாலும் பயனில்லை. வாலிபத்தில் வேகத்தின் மேல் வரும் ஆசை போலீஸ் தடிக்கு அடங்குவதில்லை. அதற்கென்று ஓர் இடத்தையும் ஒரு முறையையும் ஏற்படுத்திக் கொடுப்பதுதான் வழி. இங்கிலாந்தின் அனுபவம் இதைத்தான் காட்டுகிறது.

அந்நாட்டின் வூஸ்டர்ஷயரில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள குன்றில் 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி முதல் கார் மலையேற்றப் போட்டி நடந்தது. பாதையின் நீளம் இன்று 1000 கஜம், ஏற்றம் சுமார் 100 மீட்டர். முதலாவது ஆண்டில் வென்ற டெய்ம்லர் கார் உச்சிக்குப் போக 77.6 விநாடி பிடித்தது. இன்றைய சாதனை 23 விநாடிக்கும் குறைவு.

அந்தக் காலத்தில் அங்கேயும் பொதுச்சாலைகளில் இத்தகைய போட்டிகள் நடந்தன. 1925இல் பக்கிங்ஹாம்ஷயரின் காப் ஹில் என்ற மேட்டில் ஒரு கார் பாதையை விட்டு விலகி, ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஒருவரின் காலை முறித்தது. அதற்குப் பின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் பொதுச்சாலைப் போட்டிகளுக்கு அனுமதி தருவதையே நிறுத்திவிட்டது. ஷெல்ஸ்லி வால்ஷ் தனியார் பாதையானதால் தப்பியது. நூறாண்டைக் கடந்தும் அங்கே போட்டி நடக்கிறது.

போட்டியிடுகிறவர்களில் பெரும்பாலோர் வாரநாட்களில் வேறு வேலை பார்க்கும் சாதாரண மனிதர்கள். சனிக்கிழமை வந்து இறங்கியதும் பரிசோதகர் பிரேக், ஸ்டியரிங், இருக்கைப் பட்டை, ஹெல்மெட், தீப்பிடிக்காத உடுப்பு எல்லாவற்றையும் பார்ப்பார். குறை இருந்தால் கார் கிளம்பாது. என்ஜினின் அளவைப் பொறுத்து வகுப்புகள் உண்டு; சின்னக் காரைப் பெரிய காரோடு மோதவிடுவதில்லை. தனிக் கார் வாங்க வசதியில்லாத இருவர் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டலாம். தந்தையும் மகனும், கணவனும் மனைவியும் இப்படிப் போட்டியிடுவது அங்கே வழக்கம்.

புறப்படும் இடத்தில் கார் பின்னுக்கு உருளாதபடி சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறார்கள். பச்சை விளக்கு எரிந்தவுடன் பாய்ந்தாக வேண்டும் என்பதில்லை. கார் நகர்ந்து ஒளிக்கதிரைக் கடந்த பின்பே கடிகாரம் ஓடத் தொடங்கும். பக்கத்தில் எதிராளி இல்லை. ரயில்வேயில் ஒரு பிளாக்கில் ஒரு வண்டி என்பது போல, முன்னே சென்ற காருக்குப் போதிய இடைவெளி விட்டே அடுத்ததை அனுப்புவார்கள். வளைவுதோறும் சம்பளம் வாங்காத தொண்டர்கள் கொடி பிடித்து மழையிலும் நிற்கிறார்கள். இரண்டு ஓட்டங்களில் எது குறைந்த நேரமோ அதுவே கணக்கு. பழகும் ஓட்டத்தையும் சேர்த்தால்கூட வார இறுதி முழுவதிலும் ஒருவர் ஏறுவது சில நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் காத்திருப்பும், டயர் பார்ப்பும், பக்கத்துக்காரருக்கு ஸ்பேனர் கொடுப்பதும்தான். அங்கே ஒருவன் வெல்ல வேண்டியது தன் முந்தைய நேரத்தை; தெருவில் போகிறவரை அல்ல.

இந்தியச் சட்டமும் கதவை முழுக்க அடைத்துவிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி, மாநில அரசின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பொது இடத்தில் பந்தயம் விட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சம்மதம் பெற்று நடத்தலாம் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. மோட்டார் கிளப்புகள் இதை அறியாதவை அல்ல. ஆனால் அவற்றின் வாசல் வரை பட்டறைப் பையன் போவதில்லை. லைசென்ஸ், உடுப்பு, நுழைவுக் கட்டணம் என்று கூட்டினால் அவன் சம்பளம் தாங்காது.

மலிவாகச் செய்ய முடியாது என்பவர்களுக்குக் கோவை கரிவரதன் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். மாருதி காரின் சிறிய என்ஜினை வைத்தே அவர் பந்தயக் கார் கட்டினார். 1995இல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரைத்தான் கோவைப் பந்தயத் திடல் இன்று தாங்கி நிற்கிறது.

ஆகவே கிளப்புகள் ஆண்டுக்கு இரண்டு ஞாயிறாவது தனியார் எஸ்டேட் பாதையிலோ, அரசின் சம்மதத்தோடு அடைத்த சாலையிலோ, அன்றாடம் ஓட்டும் வண்டிகளுக்கென்று குறைந்த கட்டணத்தில் போட்டி வைக்கட்டும். மலையடிவாரத்து மக்களுக்கு இடைஞ்சலாகாதா என்று கேட்பது நியாயமே. முன்கூட்டிச் சொல்லிச் சில மணி நேரம் அடைக்கும் சாலை, ஒவ்வொரு வாரமும் சொல்லாமல் வரும் ஆபத்தைவிட மேலல்லவா? பொங்கலுக்குக் கச்சேரி வைக்கும் தமிழ் மன்றங்கள் இரவல் கொடுக்கப் பத்து ஹெல்மெட்டும் உடுப்பும் வாங்கி வைக்கலாம். பட்டறை முதலாளிகள் ஒரு நாள் லீவும் ஒரு பழைய காரும் கொடுத்தால் போதும்.

அதுவரை பையன்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கால் முறிந்தால் இந்த ஊரில் பக்கத்தில் உட்காரத் தாயில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியுமில்லை. மாதம் பிறந்தால் மணியார்டரை எதிர்பார்த்த காலம் போய், இன்று போனில் வரும் பணத்தை ஊரில் ஒரு வீடு எதிர்பார்த்திருக்கிறது. நந்தி மலை அடுத்த ஞாயிறும் அங்கேதான் இருக்கும். மெதுவாக ஏறி, பத்திரமாக இறங்கி வாருங்கள்.