பயிற்சியும் மறதியும்

கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலேறித் தாம்பரம் செல்லும் நண்பர்களே! அங்குள்ள விமானப்படைத் தளத்தில், பயிற்றுநர்களையே பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்று உண்டு என்பதை அறிவீர்களா? பிறருக்குப் பறக்கக் கற்பிக்கும் முறையை விமானிகள் அங்கே பயில்கிறார்கள். செய்யத் தெரிந்தவரெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் அல்லர் என்பதே இதன் பொருள்.

தேசிய மாணவர் படையில் சேர்ந்த நாமோ, துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டும் முறையைச் சான்றிதழ்த் தேர்வு நெருங்கும்போதுதான் மனப்பாடம் செய்கிறோம். ஒரே மூச்சில் கற்றது விரைவில் மறையும். இடைவெளிவிட்டுப் பயின்றதே நிலைக்கும். ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் தம்மையே சோதித்து, 1885-லேயே இதை எழுதினார். மனம் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு செய்திகளையே தாங்கும் என்று 1956-இல் எடுத்துக்காட்டினார் அமெரிக்க உளவியலறிஞர் மில்லர்.

ஆகவே நீண்ட செய்முறையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்ல வேண்டும். வாரந்தோறும், ஏட்டைப் பாராமல், நாமே செய்துகாட்ட வேண்டும்.

துப்பாக்கியில் தோட்டா உள்ளதா என்று பார்க்கும் அந்த ஒரு படியை மறந்தால், போவது மதிப்பெண் அன்று, உயிர்! வகுப்பறையில் படிக்கும் உளவியல் அணிவகுப்புத் திடலுக்கும் வரட்டும்.