எண்ணிட்ட கல்லறைகள்

“பேய் உலவிய மாளிகையை இடித்துவிட்டார்களே! வரலாற்றுச் சின்னம் மண்ணோடு மண்ணாயிற்றே!” என்று புலம்புவோர் அமெரிக்க நாட்டில் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் அழுவது செங்கல்லுக்காக, சுண்ணாம்புக்காக, கோபுரத்துக்காக. அந்தக் கோபுரத்தின் நிழலில் புதையுண்டு கிடந்த மனிதருக்காக அழுதோர் எத்தனை பேர்? நாம் கேட்கிறோம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் என்றோர் ஊர். ஹாத்தார்ன் குன்று என்றோர் குன்று. அதன் உச்சியில் 1878ஆம் ஆண்டு மனநோய் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. கிர்க்பிரைட் என்ற மருத்துவர் வகுத்த முறைப்படி, நடுவே தலைமைக் கட்டடம், இருபுறமும் படிப்படியாகப் பின்வாங்கிச் செல்லும் கூடங்கள் என, வௌவால் சிறகு விரித்தது போன்ற அமைப்பு. ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சம் வரவேண்டும், காற்று வரவேண்டும். நோயாளியை அடிக்காமல், கட்டாமல், மனிதனாக நடத்தினால் மனம் தெளியும் என்பது கிர்க்பிரைட்டின் கொள்கை. நல்ல கொள்கை! சுமார் ஐந்நூறு பேருக்கென்று கட்டினர். 1930களின் இறுதியிலோ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அங்கே அடைத்தனர். பணியாளர் போதவில்லை, படுக்கை போதவில்லை. கொள்கை வாயிற்படியிலேயே நின்றுவிட்டது. மின்னதிர்ச்சி வந்தது, மூளையறுவை வந்தது.

மூளையறுவை பிறந்ததே இந்தக் கட்டடத்தில்தான் என்று எழுதுவோரும் உண்டு. பொய்! அது பிறந்தது 1935இல், போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில், மோனிஸ் என்பவர் கையில். அதற்காக 1949இல் அவருக்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள்! உண்மையே இத்தனை கொடியதாக இருக்கையில், கதை கட்டுவானேன்?

கதை கட்டுவோருக்குக் காரணம் இருக்கிறது. அந்த மண்ணின் பழங்கதை அப்படி. இன்றைய டான்வர்ஸ்தான் அன்றைய சேலம் சிற்றூர். 1692இல் “சூனியக்காரி” என்று குற்றஞ்சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்ட வெறியாட்டம் தொடங்கிய இடம் அது. குற்றஞ்சாட்டப்பட்டோரை விசாரித்தவருள் முதன்மையானவர் ஜான் ஹாத்தார்ன். மருத்துவமனை நின்ற குன்று அவர் குடும்பத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அந்த ஆண்டில் சாரா குட் என்ற ஏழைப் பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். அவளுடைய மகள் டாரத்திக்கு நான்கைந்து வயதிருக்கும். அந்தக் குழந்தையும் சூனியக்காரியாம்! பால்மணம் மாறாத அந்தச் சிறுமியை மாதக்கணக்கில் சங்கிலியிட்டுச் சிறையில் வைத்தார்கள். 1710இல் அவளது தந்தை அரசுக்கு விண்ணப்பம் எழுதினார்: சிறையில் பட்ட கொடுமையால் மகளின் அறிவு சிதைந்தது, தன்னைத் தானே பேணிக்கொள்ள அவளால் இயலவில்லை என்று. பேய் பிடித்தவள் என்று சொல்லிச் சங்கிலி பூட்டினார்கள். சங்கிலி அவளைப் பித்தாக்கியது. மடமை எப்படி நோயை உண்டாக்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

1950களில் மனநோய்க்கு மருந்துகள் வந்தன. பெரிய விடுதிகளைக் கலைத்து, ஊர்தோறும் சிகிச்சை நிலையம் அமைப்போம் என்று 1963இல் கென்னடி சட்டம் செய்தார். விடுதிகள் கலைந்தன, நிலையங்கள் வேண்டிய அளவுக்கு வரவில்லை. வெளியே வந்தோரில் பலர் நடைபாதைக்கும் சிறைச்சாலைக்கும் போய்ச் சேர்ந்தனர். டான்வர்ஸ் மருத்துவமனை 1992இல் மூடப்பட்டது. கூரை ஒழுகியது, சாளரம் உடைந்தது. இரவில் விளக்கேந்திச் சுவரேறிக் குதித்து, “பேயைப் பார்த்தோம், ஓலத்தைக் கேட்டோம்” என்று பெருமை பேச இளைஞர் கூட்டம் கிளம்பியது.

பேய் எப்போது வருகிறது தெரியுமா தோழர்களே? கணக்குக் கேட்க வேண்டிய இடத்தில் வருகிறது. ஐந்நூறு பேர் இடத்தில் இரண்டாயிரம் பேரை அடைத்தது யார், பணம் ஒதுக்க மறுத்தது யார் என்று கேட்டால் ஆட்சியாளர் பதில் சொல்லவேண்டும். பேய் என்று சொல்லிவிட்டால் எவரும் பதில் சொல்லவேண்டியதில்லை!

அந்த வளாகத்தின் ஓரத்தில், புதர் மண்டிய இரண்டு இடுகாடுகள் இருந்தன. எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டிருந்தனர். தலைமாட்டில் பெயர் இல்லை, ஊர் இல்லை. எண் மட்டும்! 1990களின் இறுதியில் புதரை வெட்டி அந்த எண்களைக் கண்டெடுத்தவர்கள் பேய் தேடிப் போனவர்களல்லர், முன்னாள் நோயாளிகள். “இவர்கள் எம்மவர்” என்று அவர்கள் வந்தார்கள். பழைய பதிவேடுகளைப் புரட்டினார்கள். எண்ணுக்குப் பெயர் தேடினார்கள், பெயரைக் கல்லில் பொறித்தார்கள். உலகம் பித்தரென்று ஒதுக்கியவர்கள் செய்த வேலை இது. அறிவுடையோர் அப்போது எங்கே போயிருந்தார்கள்?

2006இல் இடிப்பு நடந்தது. நடுக்கட்டடத்தின் முகப்பையும் அதையொட்டிய சில சுவர்களையும் மட்டும் விட்டுவைத்து, உள்ளே வாடகைக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். 2007 ஏப்ரலில், கட்டிக்கொண்டிருந்த வீடுகளில் தீப்பற்றியது. உடனே, “ஆவிகளின் சாபம்” என்று ஒரு கதை! மரத்தால் எழுப்பிய முடிவுறாத கட்டடம் எரிவதற்கு ஆவி எதற்கு?

இந்தக் கைவிடப்பட்ட மாளிகையில் படம்பிடித்த திகில் திரைப்படம் ஒன்று 2001 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. பார்த்தவர்கள் பயந்து மகிழ்ந்தார்கள். அதே ஆகஸ்டில், ஆறாம் நாள் விடியலில், நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. ஓட முடியவில்லை அவர்களால். காலில் சங்கிலி! இருபத்தெட்டு உயிர்கள் போயின. தர்காவில் தங்கினால் பிடித்தது விலகும் என்று நம்பி உறவினர் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். தர்கா மட்டுமா? கோயிலிலும் தேவாலயத்திலும் இதே நம்பிக்கைதான், இதே காத்திருப்புதான். சேலம் சிற்றூரின் சங்கிலி 309 ஆண்டுகள் கடந்து, கடல் கடந்து, நம் மண்ணிலும் கிடந்தது.

அதன்பின் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை செய்தது. சட்டம் வந்தது, சரி. நாக்கில் பூட்டிய சங்கிலி?

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் மனநோய் மருத்துவமனை நடக்கிறது. இன்னும் நடக்கிறது, இடிக்கப்படவில்லை. ஆனால் “கீழ்ப்பாக்கம்” என்ற ஊர்ப்பெயரை நாம் எப்போதோ வசைச்சொல்லாக்கிவிட்டோம். திரைப்பட நகைச்சுவையில் அந்தப் பெயர். திண்ணைப் பேச்சில் அந்தப் பெயர். பகுத்தறிவு பேசும் மேடையிலும், எதிர்க்கட்சிக்காரனை எள்ளி நகையாட, “அவரைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்கள்” என்கிறான் பேச்சாளன். கைதட்டல் வானைப் பிளக்கிறது. கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். நாளை காலை தன் மகனை அங்கே அழைத்துப் போகலாமா, அல்லது ஊரார் சிரிப்பார்களென்று பூசாரியிடமே கொண்டுபோகலாமா என்று தவித்துக்கொண்டிருப்பவள் அவள். கைதட்டலைக் கேட்டதும் அவள் முடிவு செய்துவிடுகிறாள், பூசாரிதான் என்று.

அடுத்த முறை அந்தச் சொல் மேடையில் ஒலிக்கும்போது, இளைஞர்களே, கைதட்டாதீர்கள். கூட்டம் முடியும்வரை காத்திராமல் அங்கேயே எழுந்து, அந்தத் தாய்க்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று பேச்சாளரைக் கேளுங்கள்.