பி.எஃப். பணத்தை உடைக்காதீங்க

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் அக்கா, தங்கச்சிகளுக்கு இந்த த்ரெட். "கல்யாணம் வருது, வேலையை விட்டுட்டு பி.எஃப்-ஐ எடுத்துடு"ன்னு சொல்ற ஆள் வீட்டிலேயே இருப்பார். ஃபாரம் போட்டுக் கொடுத்து கமிஷன் வாங்கறவர் தெருமுனையில் இருப்பார். ரெண்டு பேர் பேச்சையும் கேட்காதீங்க.

நாப்பத்தஞ்சு வயசில் கழுத்து வலி, இடுப்பு வலின்னு வர்ற தையல் மெஷின்காரங்களுக்கு நான் "ஓய்வு"ன்னு சீட்டில் எழுதறேன். அந்த ஓய்வுக்கு யார் சம்பளம் தருவாங்க?

கணக்கு பாருங்க. பிடித்தம் ஆகும் சம்பளம் 10,000 என்றால் உங்க பங்கு 1,200. முதலாளி போடும் 1,200-ல் 367 பி.எஃப்-க்கு, 833 பென்ஷனுக்கு. இப்போதைய 8.25% வட்டி நீடிச்சா, சம்பளம் ஏறாமலேயே 20 வருஷத்தில் சுமார் 9 லட்சம். அஞ்சாம் வருஷம் உடைச்சா ஒரு லட்சத்துச் சொச்சம். மண்டப வாடகை, பிரியாணி, தீர்ந்தது.

பென்ஷன் கதை இதைவிடக் கொடுமை. 10 வருஷ சர்வீஸ் இல்லாட்டி மாதப் பென்ஷன் கிடையாது. கம்பெனி மாறும்போது 10சி ஃபாரம் போட்டு அந்தப் பணத்தையும் எடுத்துட்டா பழைய வருஷங்கள் போச்சு. புதுக் கம்பெனியில் பழைய யு.ஏ.என். நம்பரையே கொடுங்க.

"வருஷத்துக்கு வெறும் எட்டா?"ன்னு சிரிப்பாங்க. காட்பாடி ஐ.எஃப்.எஸ். மாசத்துக்கே எட்டுன்னு சொல்லுச்சு. 2022-ல ரெய்டு வந்தப்புறம் ஜனங்க அசலுக்கே அலைஞ்சாங்க.

முதலாளிகளே, அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி மிச்சத்தை அலவன்ஸ்னு காட்டறது சாமர்த்தியம் இல்லை. எல்லாருக்கும் பொதுவா தர்ற அலவன்ஸுக்கும் பி.எஃப். உண்டுன்னு 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

இன்னைக்கே உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து, கம்பெனி பங்கு மாசாமாசம் ஏறுதான்னு பாருங்க.