பல்லில் கறை, பிள்ளையில் குறையா?



கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெண் பார்க்க வந்தவர்கள், "பிள்ளை ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை போலும்" என்று சொல்லிப் போனார்களாம். மகளின் முன்பற்களில் பழுப்புக் கறை. எட்டு வயது வரை கெக்கிராவையில் உம்மம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். கறைக்குச் சிகிச்சை செய்வது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகுமா என்பது தாயின் கேள்வி.

அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் பல கிணறுகளில் பாறையிலிருந்து கரைந்த புளோரைட் மிகையாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெயிலில் அதிகம் தண்ணீர் குடிக்கும் எமக்கு அதுவே கூட என்கிறார்கள் ஆய்வாளர்கள். நிரந்தரப் பற்கள் முரசுக்குள் உருவாகும் பருவத்தில், ஏறக்குறைய எட்டு வயது வரை, அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லின் எனாமல் சரியாக இறுகாது. முளைக்கும்போதே வெள்ளைக் கோடு தெரியும், பிறகு பழுப்பேறும், கடுமையானால் குழியும் விழும். ஐவேளையும் மிஸ்வாக் செய்தாலும் போகாத கறை இது. அதைப் பார்த்து ஒரு குமரை அசுத்தக்காரி என்பது அவதூறல்லவா? மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாரும் இதை வாசிக்க வேண்டும்.

எல்லாக் கறையும் புளோரைட்டால் வந்ததல்ல. புளோரைட் என்றால் இரு பக்கத்துப் பற்களிலும் ஒத்தாற்போல் இருக்கும். ஒரே பல்லில் மட்டும் இருந்தால், முன்பு பாற்பல்லில் பட்ட அடியோ சீழோ காரணமாகலாம். சிறுவயதில் கொடுத்த டெட்ராசைக்ளின் மருந்தும் நிறத்தை மாற்றும். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். ஆகவே எங்கே வளர்ந்தாள், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதைப் பல் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கொழும்பு வோர்ட் பிளேஸில் அரசாங்கப் பல் வைத்தியசாலை இருக்கிறது. இலேசான கறையை மெல்லத் தேய்த்து எடுப்பார்கள், அல்லது மருந்திட்டு வெளுப்பார்கள். குழி விழுந்திருந்தால் பல் நிறத்தில் நிரப்புவார்கள் அல்லது மெல்லிய உறை ஒட்டுவார்கள். தேசிக்காய்ப் புளி, கரித்தூள் என்று வீட்டில் தேய்த்து இருக்கும் எனாமலையும் போக்கடிக்காதீர்கள்.

இனி மார்க்கம். அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களை ஹதீஸ் சபிக்கிறது. அதற்கு விளக்கமெழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள், சிகிச்சைக்காகவோ பல்லிலுள்ள குறைக்காகவோ செய்தால் குற்றமில்லை என்கிறார்கள். போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரலி) அவர்களுக்குத் தங்க மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராமாக இருந்தும்! எனவே தாய் தயங்க வேண்டாம். ஒழுங்கான பல்லை நாகரிகத்துக்காக அராவுவது வேறு விடயம்.

ஊரில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பியுங்கள். கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடவே செய்யும். சுத்தமாகச் சேர்த்த மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. நிலையத் தண்ணீரோ கொடுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பற்பசை ஓர் அரிசியளவு, அதன்பின் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு போதும். விழுங்காமல் துப்புகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.